கல் செய்த குற்றம் என்ன?

மன்னர் தலைகள் உருண்டன! வாளால் அல்ல, சுத்தியலால். குருதி சிந்தவில்லை, கற்றூள் பறந்தது.

ஆண்டு 1793. நகரம் பாரிஸ். அவ்வாண்டு சனவரித் திங்கள் 21-ஆம் நாள், 16-ஆம் லூயியின் தலை கில்லட்டின் கத்திக்கு இரையாகிவிட்டது. முடியாட்சி மண்ணாயிற்று, குடியாட்சி முரசம் கொட்டிற்று. ஆயினும் நகரின் நடுவே, சேன் ஆற்றின் தீவிலே, நோத்ரு தாம் பேராலயத்தின் முகப்பில், மூன்று பெருவாயில்களுக்கும் மேலே, 28 மன்னர்கள் முடியணிந்து, வரிசையாக, கம்பீரமாக நின்றுகொண்டிருந்தனர். எல்லாம் கல்! ஒவ்வொரு சிலையும் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரம். அவை செதுக்கப்பட்டது 13-ஆம் நூற்றாண்டில்.

உயிருள்ள மன்னனையே ஒழித்தாகிவிட்டது. கல் மன்னனுக்கு மட்டும் மாடம் எதற்கு? நகரமன்றத்தார் இப்படித்தான் எண்ணினர். அக்டோபரில் ஆணை பிறந்தது. பிரான்சு நாட்டு அரசர்களின் உருவங்களை ஆலய முகப்பிலிருந்து வீழ்த்துக என்றது ஆணை. சாரம் கட்டினர், வடம் பூட்டினர், இழுத்தனர். 28 மன்னர்களும் கீழே விழுந்து நொறுங்கினர். உடைந்த துண்டுகள் கட்டடக் கல்லாக விற்கப்பட்டன. வாங்கியவன் வண்டியில் ஏற்றிச் சென்றான். ஊர் மறந்தது.

நூற்றெண்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1977-இல் பாரிஸ் நகரில், ஷோசே தாந்தேன் தெருவில், ஒரு வங்கிக்குச் சொந்தமான பழைய மாளிகையில் வேலை நடந்தபோது, முற்றத்தைத் தோண்டியவர்கள் கல்முகங்களைக் கண்டனர். மூக்குடைந்த முகங்கள், வாயுடைந்த முகங்கள், பழைய வண்ணத்தின் சாயல் இன்னும் மாறாத முகங்கள். 28 மன்னர்களில் 21 பேரின் தலைகள் வெளிவந்தன. இன்று அவை குளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தத் தலைகள் யாருடையவை? இங்கேதான் வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. அவை பிரெஞ்சு மன்னர்களின் தலைகளே அல்ல! விவிலியம் கூறும் யூதேயா நாட்டுப் பழைய அரசர்கள், ஏசுவின் முன்னோர் எனக் கருதப்பட்டவர்கள், அவர்களையே சிற்பிகள் அங்கு செதுக்கினர் என்பது வரலாற்று அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. வெர்சேல் அரண்மனையில் விருந்துண்டு களித்த லூயிகளுக்கும் அந்தக் கல்முகங்களுக்கும் தொடர்பு இல்லை. முடியைக் கண்டனர், மன்னன் என்றனர், மன்னன் என்றால் நம் மன்னனே என்று முடிவு கட்டினர். ஏடு புரட்டிப் பார்த்தவர் இல்லை. ஏணி வைத்து ஏறியவரே பலர்.

ஆராயாமல் வணங்குவது மூடநம்பிக்கை. ஆராயாமல் உடைப்பதற்கு என்ன பெயர்?

கோபம் நியாயமானதே

இதைக் கேட்டு, புரட்சியைப் பழிப்பதற்காகப் பேனா எடுத்தோம் என்று யாரும் எண்ண வேண்டா. அந்த மக்களின் கோபம் நெருப்பு. அந்த நெருப்புக்கு விறகு அடுக்கியவர்கள் மன்னரும் பிரபுக்களும் மதகுருமாருமே. உழுதவன் வரி கட்டினான். உழாதவன் உண்டு களித்தான். பெரும்பாலான வரிகளிலிருந்து பிரபுவுக்கு விலக்கு, மதகுருவுக்கும் விலக்கு. விளைச்சலில் ஒரு பங்கை மாதாகோயிலுக்கு அளந்து கொடுத்த பிறகே குடியானவன் வீட்டில் அடுப்பெரியும். ரொட்டி விலை ஏறியது, வயிறு காய்ந்தது, ஒரு நாள் பொறுமை உடைந்தது.

1789 சூலை 14-ஆம் நாள் பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்தது. உடனே அதை இடிக்கத் தொடங்கினர். அதற்காக எவனும் கண்ணீர் சிந்தத் தேவையில்லை. விசாரணையின்றி, வழக்கின்றி, மன்னன் கையெழுத்திட்ட ஒரு தாளைக் காட்டி மனிதனை உள்ளே தள்ளிய இடம் அது. கொடுமை செய்த கருவியே அக்கோட்டை. கருவியை ஒழித்தனர். அதன் கற்களில் ஒரு பகுதி சேன் ஆற்றின்மீது அப்போது கட்டப்பட்டுவந்த பாலத்திற்குப் போயிற்று. 1791-இல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. கொடுமையின் கல்மீது குடிமகன் கால் பதித்து நடக்கிறான்.

ஆனால், கொடுமை செய்யும் கருவி வேறு; கொடுமை செய்தவன் விட்டுச்சென்ற பொருள் வேறு. சிறையின் கதவு மனிதனை அடைத்தது. மாடத்தின் சிலை யாரை அடைத்தது? சிலையைச் செதுக்கியவன் மன்னனா? மன்னன் உளி பிடித்ததுண்டா? மதகுரு மண் சுமந்ததுண்டா? பெயர் தெரியாத கல்தச்சன், பெயர் தெரியாத தச்சன், பெயர் தெரியாத கொத்தன் அல்லவா அந்தக் கோபுரத்தை எழுப்பினான்! மன்னன் பெயர் கல்வெட்டில் இருக்கும்; உழைத்தவன் பெயர் எங்கும் இல்லை. அவன் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து அந்தக் கல்தான். அதையும் உடைத்துவிட்டால் உழைப்பாளியின் வரலாற்றை எங்கே படிப்பது?

ஒரே திங்களில் இரண்டு குரல்

இந்தக் கேள்வியைப் புரட்சியின் எதிரிகள் மட்டுமா எழுப்பினர்? இல்லை. புரட்சியின் நடுவிலிருந்தே, புரட்சிக்காரரின் வாயிலிருந்தே அது எழுந்தது. இதை மறைத்துவிட்டு, புரட்சி என்றால் இடிப்பு என்று எழுதுவோர் பாதி வரலாறு எழுதுபவர்.

1789 நவம்பர் 2-ஆம் நாள், மாதாகோயில் சொத்துகள் அனைத்தும் நாட்டுக்குச் சொந்தம் என்று தேசிய மன்றம் தீர்மானித்தது. அன்றே நிலைமை மாறிவிட்டது. நேற்றுவரை மடத்தின் பொருள். இன்று மக்களின் பொருள். நேற்று உடைத்தால் பகைவனின் பொருளை உடைத்ததாகும். இன்று உடைத்தால் உன் வீட்டுப் பாத்திரத்தை நீயே உடைத்ததாகும்!

1792 ஆகஸ்டு 10-ஆம் நாள் துய்லேரி அரண்மனை தாக்கப்பட்டது, அரியணை ஆட்டங்கண்டது. அடுத்த சில நாட்களில் பாரிஸ் சதுக்கங்களில் குதிரைமீது வீற்றிருந்த மன்னர் சிலைகள் தரையில் உருண்டன. ஆகஸ்டு 14-ஆம் நாள் சட்டமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. வெண்கலச் சிலைகளைப் பீரங்கிகளாக வார்க்கலாம் என்றது அந்த ஆணை. அதே ஆணைதான், கலைக்கு இன்றியமையாத பொருள்களைக் காப்பது நினைவுச்சின்னக் குழுவின் கடமை என்றும் கூறிற்று. ஒரே தாளில் உலையும் உண்டு, காவலும் உண்டு!

நோத்ரு தாமின் கல்மன்னர்களை வீழ்த்த நகரமன்றம் ஆணையிட்ட அதே 1793 அக்டோபரில், நாட்டின் மாமன்றமான கன்வென்ஷன் மற்றோர் ஆணை இட்டது. பிரபுத்துவச் சின்னத்தை அழிக்கிறோம் என்ற சாக்கில் நூல்களையும் ஓவியங்களையும் சிற்பங்களையும் சிதைத்தல் கூடாது என்றது அது. ஆணை வந்தது, ஆலயத்துச் சிலைகளுக்கு உதவவில்லை.

அடுத்த ஆண்டில் கிரெகுவார் எழுந்தார். அவர் பாதிரியார், எனினும் புரட்சியின் பக்கம் நின்றவர், கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகவும் யூதர்களின் உரிமைக்காகவும் வாதாடியவர். 1794-இல் அவர் கன்வென்ஷன் முன் அடுத்தடுத்து அறிக்கைகள் வைத்தார். எந்த ஊரில் எந்த நூலகம் எரிந்தது, எந்தச் சிற்பம் சிதைந்தது என்று பட்டியலிட்டார். அந்தச் செயலுக்கு ஒரு பெயரும் சூட்டினார்: வாண்டலிசம்! பழைய ரோமாபுரியைச் சூறையாடிய வாண்டல் கூட்டத்தாரின் பெயரால் அமைந்த சொல் அது. அச்செயலை ஒழிக்கவே அச்சொல்லைப் படைத்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் அந்தச் சொல், குடியாட்சியின் மன்றத்திலே, குடியாட்சியைக் காக்க எழுந்த சொல் என்பதைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சொல் தந்தவர் கிரெகுவார். செயல் தந்தவர் அலெக்சாந்தர் லெனுவார். மடங்களிலிருந்து வந்து குவிந்த சிற்பங்களையும் கல்லறைகளையும் காக்கும் பொறுப்பு 1791-இல் அவரிடம் வந்தது. பாரிசில் ஒரு பழைய மடத்தையே கிடங்காக்கி, இடிபடவிருந்தவற்றையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். ரிஷெலியூவின் கல்லறையைக் காக்கப் போய்க் கையில் துப்பாக்கி ஈட்டியால் குத்துப்பட்டார் என்றும் சொல்வார்கள். 1795-இல் அந்தக் கிடங்கு மக்கள் காணும் அருங்காட்சியகம் ஆயிற்று. நூற்றாண்டு வாரியாக அறைகள். வெளியே பழைய கல்லறைகள் நிறைந்த ஒரு தோட்டம். மன்னன் படுத்த கல்லும் அங்கே ஒரு பாடப்பொருள். மண்டியிட வேண்டியதில்லை, மெழுகுவத்தி ஏற்ற வேண்டியதில்லை, பார்த்துப் படித்தால் போதும். அச்சகத்தார் ஒருவரின் மகன் சிறுவயதில் அங்கே சுற்றித் திரிந்தான். வரலாற்றின் மீது தனக்குப் பற்று பிறந்த இடம் அதுவே என்று பின்னர்க் கூறினான். அவன்தான் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை மக்கள் பக்கம் நின்று எழுதிய மிஷ்லே!

அந்த அருங்காட்சியகத்தை மூடியது யார்? புரட்சிக்காரரா? அல்ல. மீண்டும் அரியணை ஏறிய 18-ஆம் லூயியின் ஆட்சி, 1816-இல்! கல்லறைகள் கோயிலுக்கே திரும்பட்டும் என்றது. கல்லைப் பாடமாக வைத்தால் மன்னனுக்கு ஆகாது; கல்லைப் பூசையாக வைத்தால்தான் ஆகும்.

இடிக்காமலே வென்ற இடங்கள்

பழைமையை வெல்ல இடிப்பு ஒன்றே வழியா? பாரிஸ் நகரமே விடை சொல்கிறது.

15-ஆம் லூயி நோயுற்றபோது செய்த நேர்த்திக்கடனுக்காக ஒரு பெரும் மாதாகோயில் கட்டத் தொடங்கினான். கட்டி முடியும்போது புரட்சி வந்துவிட்டது. 1791-இல் தேசிய மன்றம் அதை இடிக்கவில்லை. நாட்டின் பெரியோரை அடக்கம் செய்யும் மாடமாக மாற்றியது. அதுவே பாந்தியோன். அவ்வாண்டு சூலை 11-ஆம் நாள், மதகுருமாரைத் தம் எழுத்தால் நடுங்கவைத்த வால்டேரின் உடல் அங்கே ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டது. 1794-இல் ரூசோ வந்து சேர்ந்தார். பின்னர் அந்தக் கட்டடம் கோயிலாகவும் மாடமாகவும் பலமுறை கைமாறி, 1885-இல் விக்டர் ஹியூகோ மறைந்தபோது மக்கள் மாடமாகவே நிலைத்தது. இடையில் 1851-இல் பூக்கோ என்ற அறிவியலறிஞர் அந்தக் குவிமாடத்தின் அடியில் நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, பூமி சுழல்கிறது என்பதை மக்கள் கண்முன் காட்டினார். நேர்த்திக்கடன் கோயிலில் அறிவியல் பாடம்! அந்தக் குவிமாடத்தை இடித்திருந்தால் ஊசலை எங்கே தொங்கவிட்டிருப்பது?

லூவர் அரண்மனை மன்னர் வாழ்ந்த இடம். முடியாட்சி சாய்ந்த ஓராண்டு நிறைவு நாளில், 1793 ஆகஸ்டு 10-இல், அது மக்களுக்கு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மன்னன் பெயரால் வழங்கிய ஒரு சதுக்கத்திற்கு, 1800-இல் வரியை முந்திச் செலுத்திய வோழ் மாவட்டத்தின் பெயர் சூட்டப்பட்டது. 1612-இல் முடிந்த செங்கல் மாளிகைகள் அப்படியே நிற்கின்றன. பெயர் மட்டும் மாறிவிட்டது.

மன்னன் தோட்டம்

கட்டடத்தைவிடத் தோட்டம் நுட்பமான பொருள். கல் நூற்றாண்டுகள் தாங்கும்; செடி ஒரு கோடையில் கருகும். ஆகவே தோட்டத்தைக் காப்பது என்றால் நாள்தோறும் காப்பது.

பாரிசில் 1635-இல் மன்னனின் மூலிகைத் தோட்டம் அமைந்தது. அரசமருத்துவர்களுக்காக அமைந்தது, ஐந்தாண்டுகளில் மக்களும் உள்ளே வரத் தொடங்கினர். 1739 முதல் அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் பியூஃபோன் என்ற இயற்கை நூலறிஞர். பூமியின் தோற்றத்தைப் பற்றி அவர் எழுதியது சோர்போனின் மதநூற்புலவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1751-இல் கண்டனம் எழுந்தது. அவர் விளக்கம் கூறிப் பணிய வேண்டியதாயிற்று. மன்னன் தோட்டத்தில் மரம் வளரலாம், உண்மை வளரலாமா?

1793 சூன் 10-ஆம் நாள் கன்வென்ஷன் அந்தத் தோட்டத்தை இயற்கை வரலாற்றுக் கூடமாக மாற்றியது. 12 பேராசிரியர் பதவிகள் உண்டாயின. செடிகளையே ஆராய்ந்து வந்த லமார்க், பூச்சி புழுக்களை ஆராயும் பதவியைப் பெற்றார். புழுவை ஆராய்ந்தவர் உயிரினங்கள் மாறி வந்த வரலாற்றைக் கண்டார். 1809-இல் நூலாக வெளியிட்டார். உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்று அவர் தந்த விளக்கத்தைப் பிற்கால அறிவியல் திருத்திவிட்டது. எனினும், படைத்தபடியே எல்லாம் இருக்கின்றன என்ற பழங்கதையை அந்தத் தோட்டத்திலிருந்து எழுந்த குரல் அசைத்தது. மன்னர் காலத்தில், 1734-இல் நட்ட லெபனான் தேவதாரு மரம் இன்றும் அங்கே நிழல் தருகிறது. மன்னன் பெயர் போயிற்று, நிழல் போகவில்லை.

துய்லேரித் தோட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 14-ஆம் லூயியின் காலத்தில், 1664 முதல், லெ நோத்ரு என்ற தோட்டக்கலைஞர் அதைப் புதுக்கினார். வேலை முடிந்ததும், இனி அரச குடும்பத்துக்கு மட்டுமே இடம் என்று கதவை அடைக்க நினைத்தார் அமைச்சர் கோல்பேர். அவரிடம் பணியாற்றிய பெரோ, பின்னாளில் சிண்ட்ரெல்லா கதை எழுதிப் புகழ்பெற்றவர், அடைக்கக் கூடாது என்று வாதாடினார். மக்கள் வந்தால் செடிகள் பாழாகின்றனவா என்று தோட்டக்காரர்களையே அமைச்சர் கேட்டார். இல்லை, நடந்து பார்ப்பதோடு அவர்கள் நிறைவடைகிறார்கள் என்று தோட்டக்காரர்கள் சாட்சி கூறினர். கதவு திறந்தபடியே இருந்தது.

யாருக்குத் திறந்தது? இங்கேதான் உற்றுநோக்க வேண்டும். நல்லாடை உடுத்தோருக்குத் திறந்தது. சிப்பாய்க்கும் வேலைக்காரனுக்கும் கந்தல் உடுத்தவனுக்கும் வாயிலில் தடை. ஆண்டுக்கு ஒரு நாள், புனித லூயி திருநாளன்று மட்டுமே எல்லோருக்கும் இடம். குழி வெட்டியவன் உள்ளே வரக் கூடாது. குடை பிடித்து வருபவன் வரலாம்! புரட்சி அந்தத் தடையைத் தகர்த்தது. செடியைப் பிடுங்கவில்லை; தடையைப் பிடுங்கியது.

காசுக்காக இடித்தவர்கள்

புரட்சியின் சுத்தியல் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. ஆனால் இடிப்பு ஓயவில்லை. இப்போது சுத்தியலைப் பிடித்தது வணிகனின் கை. நாட்டுடைமையான கோயில்களையும் மாளிகைகளையும் ஏலத்தில் மலிவாக வாங்கி, கல் ஒரு விலை, மரம் ஒரு விலை, ஈயம் ஒரு விலை என்று பிரித்து விற்ற கூட்டம் ஒன்று கிளம்பியது. கறுப்புக் கும்பல் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். கொள்கைக்காக உடைத்தவன் சின்னத்தோடு நிறுத்துவான். காசுக்காக உடைப்பவன் அடித்தளம் வரை போவான்.

பாரிசின் புனித ஜாக் ஆலயம் இப்படித்தான் விற்கப்பட்டு மறைந்தது; அதன் கோபுரம் மட்டும் தனித்து நின்றது. 1836-இல் நகராட்சி அதை வாங்கியது. பின்னர் அதைச் சுற்றி ஒரு பூங்கா அமைத்தனர். காற்றழுத்தத்தை ஆராய்ந்த பாஸ்கலின் சிலையைக் கோபுரத்தின் அடியில் நிறுவினர். கோயில் போன இடத்தில் கோபுரமும் பூங்காவும் அறிஞன் சிலையும் ஒன்றாக நிற்கின்றன.

இடிப்போருக்கு எதிராகப் போர்முரசு கொட்டியவர் விக்டர் ஹியூகோ. இளமையிலேயே அதற்கென்று கட்டுரை எழுதினார். 1831-இல் நோத்ரு தாமையே தலைப்பாக்கி நாவல் எழுதினார். சொந்தக்காரன் என்பதால் மட்டும் ஒருவன் ஊருக்கு உரிய அழகை அழித்துவிட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இது சொத்துடைமையின் அடிமடியில் கைவைக்கும் வாதம்! சட்டமாவதற்கு அது நெடுங்காலம் காத்திருந்தது. 1834-இல் எழுத்தாளர் மெரிமே நினைவுச்சின்னங்களின் தலைமை ஆய்வாளராகி நாடெங்கும் சுற்றிப் பட்டியல் எழுதினார். 1887-இல் முதற் சட்டம் வந்தது. ஆனால் தனியார் கட்டடமென்றால் சொந்தக்காரன் இசைவு தேவை என்றது. 1913-ஆம் ஆண்டுச் சட்டம்தான், பொதுநலன் கருதி, சொந்தக்காரன் இசையாவிட்டாலும் காக்கலாம் என்றது. ஹியூகோ எழுதத் தொடங்கியதற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள்!

அகன்ற வீதியும் அகற்றப்பட்ட ஏழையும்

இடையில் பாரிஸ் நகரமே மாறிவிட்டது. 1853 முதல் 1870 வரை, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், ஓஸ்மான் என்ற அதிகாரி நகரைக் கிழித்துப் புதுவீதிகள் அமைத்தார். சாக்கடை வந்தது, நல்ல குடிநீர் வந்தது, பூங்காக்கள் வந்தன. கற்சுரங்கமும் குப்பைமேடுமாகக் கிடந்த பூட் ஷோமோன் மேடு 1867-இல் அழகிய பூங்காவாகத் திறந்தது. இவை நன்மைகளே, மறுப்பது நேர்மையாகாது. ஆனால் நோத்ரு தாமைச் சூழ்ந்திருந்த குடிசை வீடுகளும் குறுந்தெருக்களும் துடைத்தெறியப்பட்டன. ஆலயம் தனித்து, எடுப்பாய்த் தெரிந்தது. அதன் அடியில் வாழ்ந்த ஏழை, நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். லிமூசான் பகுதியிலிருந்து வந்த கொத்தர்கள் கட்டிய மாடிகளில் அவர்கள் குடியேற முடியவில்லை.

அதே ஆட்சி 1865-இல் லுக்சம்பூர்த் தோட்டத்தின் ஒரு பகுதியை வெட்டி வீட்டுமனைகளாக்க ஆணையிட்டது. வெட்டப்பட்டதில் ஒரு நாற்றுப்பண்ணை. புரட்சியில் ஒரு மடத்திடமிருந்து பெற்ற நிலம். மாணவரும் குடிமக்களும் கொதித்தெழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். பேரரசன் சிறிது பின்வாங்கினான். நாற்றுப்பண்ணையோ போயே போயிற்று. மடத்திடமிருந்து மக்கள் பெற்றதை, மக்களிடமிருந்து மனைவணிகன் பெற்றான்!

1871-இல் பாரிஸ் கம்யூன் எழுந்தது. படை அதை இரத்தத்தில் மூழ்கடித்தது. அந்தக் குருதி வாரத்தில், மே 23-ஆம் நாள், பின்வாங்கிய கம்யூன் வீரர்களின் தீயில் துய்லேரி அரண்மனை எரிந்தது. கரிந்த சுவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றன. 1883-இல் குடியரசு அவற்றையும் அகற்றியது. அரண்மனை இல்லை. தோட்டம் மட்டும் இருக்கிறது. எவன் என்ன உடுத்தி வந்தாலும் உள்ளே விடுகிறது.

காத்தது யாருக்காக?

இருபதாம் நூற்றாண்டு வேறொரு கேள்வியைக் கொண்டுவந்தது. 1925-இல் கட்டடக்கலைஞர் லெ கோர்புசியே, பழைய பாரிசின் வலக்கரையில் பெரும்பகுதியை அகற்றி, 60 மாடிக் கோபுரங்கள் 18 எழுப்பலாம் என்று வரைந்து காட்டினார். நல்லவேளை, அது தாளோடு நின்றது. 1969-இல் நகரின் நடுவிலிருந்த பெருஞ்சந்தை ஊருக்கு வெளியே மாற்றப்பட்டது. பால்தார் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய சந்தைக் கூடங்கள் 1971 முதல் இடிக்கப்பட்டன. ஒன்றே ஒன்று வேறு ஊரில் தப்பிப் பிழைத்தது. அந்த இழப்பின் வலிதான் அடுத்த கட்டடத்தைக் காத்தது. 1900-இல் கட்டிய ஓர்சே தொடர்வண்டி நிலையம் இடிபடாமல் தப்பி, 1986-இல் அருங்காட்சியகமாயிற்று. நெருப்புவண்டி நின்ற இடத்தில் ஓவியம் நிற்கிறது.

1962-இல் அமைச்சர் மால்ரோவின் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. தனிக்கட்டடத்தை மட்டுமன்றி ஒரு பகுதி முழுவதையுமே காக்க அது வழிசெய்தது. மாரே என்ற பழைய பகுதி காக்கப்பட்டது. பிரபுக்கள் விட்டுப்போன மாளிகைகளில் நெடுங்காலமாகக் கைவினைஞர்களும் சிறுதொழிலாளரும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. முற்றங்களில் முளைத்திருந்த பட்டறைகள் அகற்றப்பட்டன, சுவர்கள் பளபளத்தன, வாடகை ஏறிற்று, பட்டறைக்காரன் வெளியேறினான். கல் பிழைத்தது, கல்லுக்குள் வாழ்ந்தவன் பெயர்ந்தான். பழைய தோட்டக் கதவில் ஆடையைப் பார்த்தான் காவலன். புதிய வாயிலில் பணப்பையைப் பார்க்கிறது சந்தை.

2019 ஏப்ரல் 15-ஆம் நாள் நோத்ரு தாமில் தீப்பிடித்தது. கூரை எரிந்தது, ஊசிக்கோபுரம் சரிந்தது. செல்வர்கள் கோடிகோடியாக அள்ளித்தர முன்வந்தனர். ஏழைக்கு இல்லாத பணம் கல்லுக்கு எங்கிருந்து வந்தது என்று தெருவில் நின்ற உழைப்பாளிகள் கேட்டனர். கேட்டது சரி. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை, ஆலயத்தை எரியவிடுவதன்று. செல்வரின் நன்கொடையை நம்பி நிற்காத பொது நீதியைக் கட்டுவது. தச்சரும் கல்தச்சரும் ஐந்தாண்டு உழைத்து எழுப்பிய கட்டடம் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. அதன் சொந்தக்காரர் யார் தெரியுமா? போப்பாண்டவர் அல்லர், பேராயரும் அல்லர். அரசையும் மதத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகும் அது பிரெஞ்சு அரசின் சொத்து. வழிபடுவோர் வழிபடலாம், பத்திரம் மக்கள் பெயரில்!

மூன்று கேள்விகள்

இரண்டு நூற்றாண்டுப் பாரிஸ் நமக்குக் கற்பிப்பது இதுவே: ஒரு பழங்கட்டடத்தின் முன் நிற்கும் பகுத்தறிவாளன் தலை வணங்கவும் வேண்டா, தடி தூக்கவும் வேண்டா. மூன்று கேள்விகள் கேட்கட்டும்.

யார் உழைத்தது? அந்த உழைப்பின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையெனில் எழுதுக. கல்லை உடைத்தவன் சாட்சியை உடைக்கிறான். சுரண்டியவனை நாளை குற்றவாளிக்கூண்டில் நிறுத்தச் சாட்சி வேண்டுமே!

யாருக்குச் சொந்தம்? மன்னனுக்கு, மடத்துக்கு, மனைவணிகனுக்கு என்றால், அங்கேதான் போராட வேண்டும். சிலையை உடைப்பது ஒரு பொழுது வேலை. உடைமையை மாற்றுவது ஒரு தலைமுறை வேலை. எளியதைச் செய்துவிட்டு அரியதை மறப்பவன் புரட்சி செய்தவனாக மாட்டான்.

யார் உள்ளே வரலாம்? இதுவே இறுதிச் சோதனை. பளிங்குபோல் துடைத்துவைத்த மாளிகையில் உழைப்பாளிக்கு இடமில்லையென்றால், பச்சைப்பசேலென்ற பூங்காவின் கதவு ஏழைக்குப் பூட்டியிருந்தால், அதைக் காத்ததாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. அது மீண்டும் மன்னன் தோட்டமே. மன்னனின் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

கல் குற்றம் செய்யவில்லை. கல்லை ஏவியவர்கள் செய்தனர். அவர்களின் அதிகாரத்தை அகற்றுவோம். அவர்கள் எழுதிவைத்த பொய்யை அகற்றுவோம். வாயிலில் போட்ட பூட்டை அகற்றுவோம். கட்டடம் நிற்கட்டும், மரம் நிழல் தரட்டும். கட்டியவனின் பேரன் அந்த நிழலில் அமர்ந்து, தன் பாட்டனின் கைவண்ணத்தை நிமிர்ந்து பார்க்கட்டும்!